கராச்சி எட்டு மணி நேரம்

ஐஸ் பாளம் வாசல் நிலையில் இடித்து ஒரு மூலை உடைந்து விழுந்தது. முன்பக்கம் பிடித்திருந்த வைத்யநாதன் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னோக்கியே ரேழியில் நடந்தான். மறுபக்கம் பிடித்திருந்த ரயில்வே கார்டு பசவராஜ், "நிதானமா ஸ்வாமி, அவசர பேடா" என்று கன்னடம் கலந்து சொல்லி மூச்சு வாங்கினார். சாக்கிலிருந்து மரத்தூள் கலந்த தண்ணீர் இரண்டு பேர் காலிலும் ஒழுகியது.

கூடத்தில் நீலகண்டையர் தெற்கே தலை வைத்துக் கிடந்தார். அன்று செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்தேகாலுக்குப் போய்விட்டார். முப்பது வருஷம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்த மனிதரின் சாவை மணி சொல்லாமல் சொல்ல முடியாது. அவருடைய இரண்டாவது பிள்ளை வைத்யநாதனும் ரயில்வேக்காரன்தான். மூக்கில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு அவன் முதலில் செய்த காரியம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்ததுதான். அழுதது அதற்கப்புறம்.

பெங்களூரிலிருந்து மத்தியான வண்டியில் மைசூர் ஸ்டேஷன் சாப்பாட்டு அறைக்கு வருகிற ஐஸ் அது. காலையில் டிராபிக் ஆபீஸ் டெலிபோனில் சொல்லி ஒரு பாளம் கூடுதலாக ஏற்றச் சொல்லியிருந்தான். கால அட்டவணை போடுகிற குமாஸ்தாவுக்கு இந்தச் சலுகைகூட இல்லாவிட்டால் பதினாறு வருஷம் உத்தியோகம் பார்த்து என்ன பிரயோஜனம்?

அம்மா அன்னபூர்ணி தூணோரம் உட்கார்ந்திருந்தாள். ஐஸைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எதுக்குடா இது?"

"அண்ணா வரணுமேம்மா. காலம்பற குடுத்த தந்திக்குப் பதில் வந்துடுத்து."

தந்தியை அவன் உரக்கப் படித்தான். புதன்கிழமை காலை விமானத்தில் இடம் கிடைத்திருக்கிறது, நான் வரும்வரை எடுத்துவிடாதீர்கள், பாச்சு. பாச்சு என்கிற பஞ்சாபகேசன் மூத்தவன், கராச்சித் துறைமுக ஆபீஸில் பெரிய வேலை.

"எப்போ வருவான்?" என்றார் சாஸ்திரிகள். அவர் தர்ப்பைக் கட்டைப் பிரிக்காமல் காலையிலிருந்து கையிலேயே வைத்திருந்தார்.

"வியாழக்கிழமை பதினொண்ணரை."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மைசூரில் சித்திரை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. கிருஷ்ணமூர்த்திபுரத்தில் அந்தத் தெருவில் பன்னிரண்டு வீடு. பிரேதம் கிடக்கிற தெருவில் அடுப்பு மூட்டக்கூடாது, தெருக்கோடிப் பிள்ளையாருக்கும் பூஜை கிடையாது. ஒரு வேளை பட்டினி கிடக்க எல்லாரும் தயாராகத்தான் வந்திருந்தார்கள்.

"ராத்திரி தங்கின பிரேதத்துக்குப் பிராயச்சித்தம் இருக்கு. பண்ணிவைக்கிறேன்" என்றார் சாஸ்திரிகள். "ஆனா ரெண்டு ராத்திரி? நான் பண்ணினதே இல்லையேப்பா. நீயும் பிள்ளைதானே. நீ கொள்ளி வெச்சா ஆகாதுன்னு எந்தச் சாஸ்திரமும் சொல்லலை."

"அண்ணா பாக்கணும்" என்றான் வைத்யநாதன். அதற்குமேல் அவனால் சொல்ல முடியவில்லை. சொன்னால் மீதியையும் சொல்லவேண்டி வரும்.

மீதி இதுதான். பத்து நாளைக்கு முன்னால் ஒரு காலை அப்பா அவனைப் பக்கத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, "பாச்சுவுக்கு ஒரு தந்தி குடுத்துடேன்" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். வைத்யநாதனுக்கு ஆறு வருஷத்துக்கு முந்தைய விஷயம் ஞாபகம் வந்தது. அப்போதும் அப்பாவுக்கு இதே மாதிரிதான் நெஞ்சு இரைத்தது. அவன் பதறிப்போய்த் தந்தி கொடுக்க, பாச்சு ஜோத்பூர், ஆமதாபாத், பம்பாய் என்று வண்டி மாறி மாறி ஐந்து நாள் ரயிலில் வந்து இறங்கினான். இறங்கின அன்றைக்கு அப்பா சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தார். திரும்பிப் போகும்போது பிளாட்பாரத்தில் பாச்சு சொன்னான்: "அடுத்த தடவை நிச்சயமாத் தெரிஞ்சப்புறம் கூப்பிடு வைத்தி. லீவெல்லாம் ரயில்லேயே போயிடறது." சிரித்துக்கொண்டேதான் சொன்னான். வைத்யநாதன் அதை மறக்கவேயில்லை. மறக்காததில் ஒரு சுகமும் இருந்தது.

ஆகவே இந்தத் தடவை அவன் கணக்குப் போட்டான். யுத்தம் முடிந்து சிவிலியன்களுக்கும் விமானத்தில் இடம் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூட அட்லாஸை எடுத்து ஸ்கேலை வைத்தான். கராச்சியிலிருந்து பம்பாய் ஐந்நூற்றைம்பது மைல். பம்பாயிலிருந்து ஹைதராபாத் முந்நூற்றுத் தொண்ணூறு. அங்கிருந்து மதராஸ் முந்நூற்றிருபது. மொத்தம் ஆயிரத்து இருநூற்று அறுபது. மணிக்கு நூற்றறுபது மைல் வேகம் என்று பத்திரிகையில் போட்டிருந்தது. எட்டு மணி நேரம். இறங்கி ஏறுகிற நேரம் சேர்த்தாலும் சாயங்காலத்துக்குள் மதராஸ். ராத்திரி மெயில். காலையில் பெங்களூர். பதினொன்றரைக்கு மைசூர்.

அட்லாஸை அப்பாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

"பாருங்கோப்பா, கராச்சி இப்போ எட்டு மணி நேரம். கிளம்பின மறுநாள் இங்கே இருப்பான். எதுக்கு இப்பவே அவனை அலைக்கழிக்கணும்? வேணும்கறப்போ கூப்பிட்டாப் போறது."

அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கும் அது பிடித்துவிட்டது, அதுதான் கொடுமை. வண்டி எப்போது வரும் என்று தெரிந்துவிட்டால் வண்டி வந்த மாதிரியே நினைக்கிறவர் அவர். அதற்கப்புறம் தினம் காலையில் ஒரே கேள்வி. "பாச்சு இன்னிக்குக் கிளம்பினா எப்போ வருவான்?" வைத்யநாதன் ஷவரம் பண்ணிக்கொண்டே பதில் சொல்வான், "நாளைக்குப் பதினொண்ணரை." அவர் சரியென்று கண்ணை மூடிக்கொள்வார். ஒன்பது காலை இப்படிப் போயிற்று. பத்தாவது காலை, திங்கட்கிழமை, அவர் கேட்கவில்லை. கேட்கிற நிலையில் இல்லை. அன்று மத்தியானம் வைத்யநாதன் தந்தி ஆபீஸுக்கு ஓடினான்.

விமானம் தினமும் உண்டு, இடம் தினமும் இல்லை என்பது அவனுக்குத் தெரியாது. ரயிலில் இடமில்லாவிட்டாலும் வாசற்கதவில் தொத்திக்கொண்டாவது வந்துவிடலாம். வண்டி ஓடுகிறதென்றால் ஆள் வந்துவிடுவான் என்பதுதான் அவன் அறிந்த உலகம். பாச்சுவுக்குப் புதன்கிழமைதான் இடம் கிடைத்தது.

அப்பாவுக்கு அண்ணாவைக் காட்டாமல் செய்தது தான்தான். அண்ணாவுக்காவது அப்பாவின் முகத்தைக் காட்டிவிட வேண்டும். ஐஸ் பாளத்தைத் தகரத் தட்டில் இறக்கிவைக்கும்போது வைத்யநாதனின் மனதில் இது ஒன்றுதான் இருந்தது. வேறு எதையும் நினைக்க அவன் துணியவில்லை.

செவ்வாய்க்கிழமை பொழுது எப்படியோ கழிந்தது. பிள்ளைகளை லக்ஷ்மிபுரத்தில் சித்தி வீட்டுக்கு அனுப்பினார்கள். அக்கம்பக்கத்தார் கைக்குழந்தைகளுக்கு மட்டும் அடுத்த தெருவில் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். வைத்யநாதனின் மனைவி கனகலக்ஷ்மி மணிக்கொரு தரம் தட்டிலிருந்து உருகின தண்ணீரை வாளியில் வடித்துக் கொல்லையில் கொட்டினாள். நெஞ்சு இரைக்க ஆரம்பித்ததிலிருந்து ஆறு வருஷமாக மாமனாருக்கு வெந்நீர் போட்டவள், இப்போது குளிர்ந்த தண்ணீரைச் சுமந்தாள்.

புதன்கிழமை மத்தியான வண்டியில் வந்த பாளம் பாதிதான் இருந்தது. மத்தூர் தாண்டுவதற்குள் உருகிவிட்டது என்றார் பசவராஜ். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்து ஓரத்தில் நின்று நீலகண்டையரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நஞ்சன்கூட்டில் அவருக்குக் கீழே வேலை பார்த்தவர்.

"வைத்தி ஸ்வாமி, கோபிச்சுக்க வேண்டாம்" என்றார் மெதுவாக. "பெரியவர் முகம் இப்ப இருக்கிற மாதிரி நாளைக்கு இருக்காது."

"இன்னும் இருபத்துமூணு மணி நேரம்தான் பசவராஜ்."

"டிரெயினுக்கு அது சரி ஸ்வாமி. உடம்புக்கு?"

வைத்யநாதனுக்குக் கோபம் வந்தது. அந்தச் சமயத்தில் வாசலில் தந்திக்காரனின் சைக்கிள் மணி அடித்தது. பம்பாய் சேர்ந்தாயிற்று, மேலே செல்கிறேன், பாச்சு. அவன் போட்ட கணக்குக்கு இருபது நிமிஷம்தான் வித்தியாசம். தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனுக்கு ஒரு நொடி சந்தோஷமாகவே இருந்தது. அந்த ஒரு நொடிக்காக அவன் பிற்பாடு தன்னைத்தானே வெகுநாள் வைதுகொண்டான்.

அம்மாவிடம் போய், "பம்பாய் வந்துட்டான்மா" என்றான்.

அன்னபூர்ணி இரண்டு நாளாகத் தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் வைக்கவில்லை. குரல் கம்மியிருந்தது.

"எடுத்துடுடா வைத்தி."

"அம்மா, இவ்வளவு நேரம் காத்தாச்சு..."

"அவர் கேட்டப்போ பத்து நாள் சும்மா இருந்தே. இப்போ அவர் ஒண்ணுமே கேக்கலை, ஐஸ் வெச்சுண்டிருக்கே."

அடித்திருந்தால்கூட அவனுக்கு இப்படி வலித்திருக்காது. அவளுக்கு எல்லாம் தெரியும். தினம் காலையில் அந்தக் கேள்வியையும் பதிலையும் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தவள்தானே. ஒரு தந்தி கொடுக்க அவளுக்குத் தெரியாது, தெருக்கோடி தாண்டித் தனியாகப் போனதில்லை. எழுதிக் கொடுக்கச் சொல்லக்கூட இந்தப் பிள்ளையைத்தான் கேட்க வேண்டும்.

அப்போதாவது அவன் அவள் பேச்சைக் கேட்டிருக்கலாம். வெளியில் சாஸ்திரிகள் இருந்தார், மூங்கில் வந்து கிடந்தது, பொழுதும் இருந்தது. ஆனால் எடுத்துவிட்டால் நாளைக்குப் பதினொன்றரைக்கு வந்து இறங்குகிறவனிடம் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பேசுவது? வைத்யநாதன் மிச்ச ஐஸை உடைத்து அப்பாவின் தோளுக்கு இரண்டு பக்கமும் அணைத்துவைத்தான். விரல்கள் மரத்துப்போயின. தன் காரியம் சரிதான் என்று தனக்கே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டான்.

வியாழக்கிழமை விடிந்ததும் வீட்டுக்குள் யாராலும் இருக்க முடியவில்லை. ஊதுவத்தியை எத்தனை கொளுத்தினாலும் போதவில்லை. கல்யாணத்துக்கு வாங்கின பன்னீரைக்கூட எடுத்துவந்து தெளித்தார்கள். பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள். அதை அவர்கள் சத்தம் வராமல் செய்தது இன்னும் கஷ்டமாக இருந்தது.

கனகலக்ஷ்மி வாளியை வைத்துவிட்டு வந்து புருஷனின் கையைத் தொட்டாள். நாலு பேர் நடுவில் அவள் அப்படிச் செய்ததில்லை.

"முகத்தை மூடிடுங்கோ" என்றாள். "அம்மா பாத்துண்டே இருக்கா."

அவன் திரும்பி அப்பாவைப் பார்த்தான். நேற்று வரைக்கும் அவராகத்தான் இருந்தார். புதுவேஷ்டியின் தலைப்பை எடுத்து அவனே மூடினான். மூடும்போது கண்ணை மூடிக்கொண்டான்.

வண்டி சரியான நேரத்துக்கு வந்தது. பதினொன்று நாற்பத்தைந்துக்கு ஜட்கா தெருமுனையில் திரும்பியது. பசவராஜ் முன்னால் குதித்து இறங்கி, பெட்டியை வாங்கிக்கொண்டார். பாச்சு கசங்கின கோட்டோடு இறங்கினான். தலை பாதி நரைத்திருந்தது. நேற்றுக் காலையில் கராச்சிக் கடற்கரையில் இருந்தவன் இன்று கிருஷ்ணமூர்த்திபுரத்தில் நின்றான். தெருவில் காத்திருந்தவர்களில் ஒருவர்கூட அதை அதிசயமாக நினைக்கவில்லை. மூன்று நாளாக அடுப்பு மூட்டாதவர்களுக்கு அவன் இன்னும் சீக்கிரம் வந்திருக்க வேண்டும்.

"அம்மா!" என்று பாச்சு கத்தினான். துக்க வீட்டில் அவ்வளவு உரக்கப் பேசினது எல்லாருக்கும் அநாகரிகமாகப் பட்டது. பெரிய உத்தியோகஸ்தன் அப்படித்தான் பேசுவான் என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ரேழியைத் தாண்டி உள்ளே வந்ததும் அவன் கை தானாக மூக்குக்குப் போயிற்று. உடனே இறக்கிக்கொண்டான். அம்மா பார்த்துவிட்டாள். வைத்யநாதனும் பார்த்தான்.

"என்னைக் கேட்டாராம்மா?" என்றான் பாச்சு, அதே உரத்த குரலில். "அப்பா என்னைக் கேட்டாரா?"

அன்னபூர்ணி பெரிய பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். அப்புறம் சின்னப் பிள்ளையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கூடத்தில் ஐஸ் தண்ணீர் தட்டின் ஓரத்திலிருந்து தரையில் வழிந்துகொண்டிருந்தது.

"குளிச்சுட்டு வாண்ணா" என்றான் வைத்யநாதன். "நாழியாறது."

பாச்சு கிணற்றடியில் குளித்து ஈர வேஷ்டியோடு வந்தான். சாஸ்திரிகள் வேகமாக மந்திரத்தைச் சொல்ல ஆரம்பித்தார். மேல்துண்டை அவர் மூக்கோடு சேர்த்துக் கட்டியிருந்ததால் பாதி வார்த்தை யாருக்கும் புரியவில்லை. வாய்க்கரிசி போடுகிற நேரம் வந்தது. முதல் பிடி மூத்த பிள்ளையுடையது. பாச்சு கையில் அரிசியை அள்ளிக்கொண்டு தலைமாட்டில் குனிந்தான்.

"துணியை எடு வைத்தி."

வைத்யநாதனுக்குக் கை எழவில்லை. இந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் இரண்டு ராத்திரி அவன் அப்பாவைக் கட்டிவைத்திருந்தான். பாச்சு தானே வேஷ்டித் தலைப்பைப் பிடித்து ஒரு சாண் தூக்கினான். ஒரு கணம்தான். அரிசி கையிலிருந்து உதிர்ந்தது.

"இது..." என்றான். "வைத்தி, இது அப்பாவாடா?"

அன்னபூர்ணி எழுந்து வந்தாள். பாச்சுவின் மணிக்கட்டைப் பிடித்துத் துணியை விடுவித்து, பழையபடி மூடினாள்.

"துணி மேலேயே போடுப்பா. அவருக்குச் சேரும்."

பாச்சு இன்னொரு பிடி அள்ளித் துணியின் மேல் போட்டான். அவனுக்கப்புறம் வைத்யநாதன் போட்டான். பிறகு பந்துக்கள் ஒவ்வொருவராக வந்து, தூரத்தில் நின்றே தூவிவிட்டுப் போனார்கள். வெள்ளை வேஷ்டியில் அரிசி எங்கே விழுந்தது என்றே தெரியவில்லை.

ஒரு மணிக்குப் பாடை கிளம்பியது. வெயில் உச்சியில் நின்றது. சாமுண்டி மலை அடிவாரத்துக்குப் போகவேண்டும், ஒன்றரை மைலுக்குக் குறையாது. நெருப்புச் சட்டியைக் கயிற்றில் தொங்கவிட்டுப் பிடித்துக்கொண்டு பாச்சு முன்னால் நடந்தான். வெறுங்காலில் நடந்து பழக்கம் விட்டுப்போயிருந்தது, தத்தித் தத்தி நடந்தான். வைத்யநாதன் அவனுக்கு ஒட்டினாற்போல் வந்தான். பின்னால் தூக்குகிறவர்கள் வழக்கத்தைவிட வேகமாக வந்துகொண்டிருந்தார்கள், காரணம் எல்லாருக்கும் தெரியும்.

தெருமுனை திரும்பியதும் பிள்ளையார் கோயில் கதவைத் திறக்கிற சத்தம் கேட்டது. இனி ஒவ்வொரு வீடாக அலம்பிவிட்டு அடுப்பு மூட்டுவார்கள். இப்போது சொல்லாவிட்டால் இனி எப்போதும் சொல்லமாட்டோம் என்று வைத்யநாதனுக்குப் பட்டது. மயானத்தில் சாஸ்திரிகள் இருப்பார், திரும்பி வந்தால் வீட்டில் ஜனம் இருக்கும், பதின்மூன்று நாள் கழித்து அண்ணா விமானம் ஏறிவிடுவான். அவன் இரண்டு எட்டு முன்னால் போட்டுப் பாச்சுவின் தோளோடு தோளாக வந்தான்.

"அண்ணா, அப்பா உன்னைக் கேட்டார்" என்றான். "பத்து நாளா, தினம் காலம்பற கேட்டார். நான்தான் தந்தி குடுக்கலை. எட்டு மணி நேரம்தானேன்னு சொல்லிண்டே இருந்துட்டேன். தப்பு என்னோடதுதான்."

சொல்லிவிட்டான். மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சு முழுசாக உள்ளே போயிற்று. அண்ணா அந்தச் சட்டியைக் கீழே போட்டுவிட்டு அடித்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தான்.

பாச்சு அதே நடையில் நாலு எட்டு போனான். அப்புறம்தான் தம்பி பக்கத்தில் வாயசைத்ததைக் கவனித்தவன் மாதிரி திரும்பினான்.

"என்னடா சொன்னே?" என்றான் உரக்க. ஒழிந்த கையால் காதைத் தொட்டுக் காட்டினான். "மதராஸ்ல இறங்கினதிலேர்ந்து ரெண்டு காதும் கப்புனு அடைச்சுண்டிருக்கு. பிளேன்ல எல்லாருக்கும் அப்படித்தான், ரெண்டு நாள்ல விட்டுடும்னு சொன்னா. உரக்கச் சொல்லு."

வைத்யநாதன் திரும்பிப் பார்த்தான். பத்தடியில் சாஸ்திரிகள். அவருக்குப் பின்னால் பாடை. பாடைக்குப் பின்னால் பசவராஜ், ஆபீஸ் குமாஸ்தாக்கள், மூன்று நாள் பசியோடு வந்துகொண்டிருந்த தெருக்காரர்கள். எல்லாரும் அவனைத்தான் பார்த்தார்கள்.

"சட்டி சாயறதுண்ணா" என்றான் உரக்க. "நிமித்திப் பிடிச்சுக்கோ."

பாச்சு சரியென்று தலையாட்டினான். கயிற்றைச் சுருக்கிச் சட்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, தார் உருகின ரோட்டை விட்டு ஓரத்து மண்ணில் இறங்கி நடந்தான்.